சோளக்காட்டுக் கூவல்

குளத்துத் திட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த பறவைகளைக் கூவி விரட்டியவன் நான். பழி இன்னொருவர் மேல் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து நாலடி தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு ஒன்பது ஆண்டுகள் திறக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வடமதுரைக்கும் எரியோட்டுக்கும் இடையில் உள்ள ஓர் ஊரின் குளத்தில், நடுவே ஒரு மண்திட்டு உண்டு. ஒரு பாதி வெறும் புல்தரை. மறுபாதி முழுக்க நாட்டுக் கருவேல மரங்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் தை பிறந்ததும் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் வேட்டு கிடையாது. பறவை வந்தால் குளம் பெருகியிருக்கிறது என்று பொருள். அதை விரட்டுகிறவன் தண்ணீரை விரட்டுகிறான் என்பது அவர்கள் கணக்கு.

திட்டுக்கு ஆள் கூட்டிப் போக ஊர் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை கொடுத்திருந்தது. அவர் பரிசல்காரர். அந்தக் குளத்தில் மீன் பிடிப்பவரும் அவரே. சனி, ஞாயிறுகளில் நாலைந்து பேராக ஏற்றிக்கொண்டு போய்ப் புல்தரைப் பக்கம் இறக்குவார். ஒற்றையடிப் பாதையில் நடத்திச் சென்று, இரண்டு கட்டைகளுக்கு நடுவே கட்டிய ஒரு தேங்காய்நார்க் கயிறு வரை கொண்டுபோய் நிறுத்துவார். கயிற்றைத் தாண்டக் கூடாது. குடை விரிக்கக் கூடாது. சத்தம் கூடாது. பறவைகளுக்கு இடைஞ்சல் என்று ஒரு பேச்சு வந்தால் பரிசல் பறிபோகும். ஊரோடு அவருக்கு இருந்த ஒப்பந்தம் அது.

அவர் மகள் எங்கள் பள்ளியில் படித்தாள், விடுதியில் தங்கியிருந்தாள். சேர்க்கையின்போது நான்தான் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த நன்றிக்காக அவர் என்னைப் பலமுறை அழைத்தார். “சார், ஒரு நா வாங்க. கூட ஆளுகளையும் கூட்டியாங்க. பறவைய நீங்க புத்தகத்துலதான பாத்திருப்பீக” என்றார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஓவிய ஆசிரியரையும் இன்னும் இரண்டு ஆசிரியர்களையும் அழைத்துக்கொண்டு போனேன்.

பரிசல் சுழன்று சுழன்றுதான் போகும். ஓவிய ஆசிரியர் கழுத்தில் புது கேமரா. பரிசல்காரர் துடுப்பை வலிக்காமல் நிறுத்தி, “பயப்படாதீங்க, நம்ம சுத்தல, குளந்தான் சுத்துது” என்றார். எல்லோரும் சிரித்தோம். திட்டை நெருங்கியதும் விரலை உதட்டில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு காற்றும் பறவைகளும் எழுப்பிய ஓசைதான். நாரைகள் தொண்டையால் பேசுவதில்லை; அலகோடு அலகு தட்டிக்கொள்ளும். மரம் மரமாக அந்தச் சத்தம், யாரோ நூறு பேர் சில்லுக்கருப்பட்டி உடைப்பதுபோல.

கயிற்றின் அருகே நின்று குசுகுசுவென்று அவர் காட்டிக்கொண்டே வந்தார். “அந்தா பாருங்க, றெக்கைய விரிச்சுக்கிட்டு நிக்கிறது தாயி. குஞ்சுக்கு நெழலு குடுக்குது. செத்த நேரம் அது அங்கிட்டு இங்கிட்டுப் போச்சுன்னா குஞ்சு வெயில்ல சுருண்டுரும்.” நான் அறிவியல் ஆசிரியன். அதை அன்றுதான் கேட்டேன்.

வெயில் ஏறியது. காற்றும் ஏறியது. பரிசல் அடித்துக்கொண்டு போய்விடும் என்று அதை இழுத்துக் கட்ட அவர் கரைப்பக்கம் போனார். போகும்போது, “கயித்துக்கு இங்கிட்டே நில்லுங்க சார்” என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

ஓவிய ஆசிரியர் சலித்துக்கொண்டார். “எல்லாம் உக்காந்தே கிடக்குது. மரத்துல வேட்டி காயப்போட்ட மாதிரிதான் படம் விழும். ஒரு தடவை மொத்தமா எந்திரிச்சா எப்படி இருக்கும்!”

நான் சிறுநீர் கழிக்க அவர்களைவிட்டுப் பின்னால் கரைப்பக்கமாக ஒரு புதர் மறைவுக்குப் போனேன். அங்கே நின்றபோதுதான் அதைச் செய்தேன்.

குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவன் நான். கதிர் பிடிக்கும் பருவத்தில் பள்ளிக்கு அனுப்பாமல் பரண்மேல் ஏற்றிவிடுவார்கள். சோளத்தில் இறங்கும் பறவைகளைக் கூவி எழுப்ப வேண்டும். நாக்கை மேலண்ணத்தில் உருட்டி அடித்தொண்டையில் தொடங்கி உச்சிக்குக் கொண்டுபோய், முடிகிற இடத்தில் இரண்டு கையையும் குழித்து ஒரே அடி. ‘உர்ர்ர்ர்… ஓ… ஓஓய்!’ நகரத்துக்கு வந்து ஆசிரியரானதும் அந்தக் காட்டையும் அந்தப் பேச்சையும் துடைத்தெறிந்திருந்தேன். என் சக ஆசிரியர்களில் ஒருவருக்கும் நான் எங்கிருந்து வந்தவன் என்பது தெரியாது. எதற்காகக் கூவினேன்? ஒரு படத்துக்காக என்று சொல்லலாம். தொண்டை இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கூவினேன் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. இரண்டில் எதுவும் காரணமாகாது.

தொண்டை இருந்தது.

திட்டே பிய்ந்துகொண்டு மேலே போனதுபோல் இருந்தது. வெயில் மறைந்தது. சோளக்காட்டில் எழும் குருவிக்கூட்டம் அல்ல இது. ஆள் கை நீளச் சிறகுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று மோதின. எழுந்த வேகத்தில் கூடுகள் உலுங்கின. முட்டைகள் விழுந்தன. குஞ்சுகள் விழுந்தன. விழுந்தவை தரையில் ‘பொத்’தென்று எழுப்பிய ஓசையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. தண்ணீர்ப் பக்கத்துக் கிளைகளில் இருந்தவை தண்ணீரில் விழுந்தன.

மரத்துக்கு மரம் தாவிக் காகங்கள் வந்தன. அடுத்துப் பருந்துகள். காவல் இல்லாத கூடுகளில் அவை வரிசை நின்று எடுப்பதுபோல எடுத்தன. நாரைகள் மேலே வட்டமிட்டனவே தவிர இறங்கவில்லை. நாங்கள் அங்கே நின்றதால் இறங்கவில்லை. ஓவிய ஆசிரியர் கேமராவைத் தூக்கவே இல்லை.

பரிசல்காரர் ஓடி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. “ஏறுங்க, ஏறுங்க, நம்ம போனாத்தான் அதுக வரும்” என்று எங்களைத் தள்ளாத குறையாகப் பரிசலில் ஏற்றினார். துடுப்புப் போடும்போது அவர் முகம் வேறு யாரோ ஒருவருடைய முகமாக இருந்தது.

கரையில் ஊர் நின்றது. துணி துவைத்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள், எல்லோருக்கும் கூவல் கேட்டிருந்தது. மடைக்கருப்பு சன்னதி முன்னால் எங்களை நிறுத்தினார்கள். ஊர்ப் பெரியவர் கேட்டார்: “கூவுனது யாரு?”

ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்கள் உண்மையாகவே அறியாதவர்கள். அது பரிசல்காரர் வேடிக்கைக்காகக் கூவியது என்றே நினைத்திருந்தார்கள். பரிசலில் வரும்போது ஓவிய ஆசிரியர் என் காதில் அப்படித்தான் சொன்னார். கூட்டத்தில் ஒரு கிழவி என் பக்கம் கையைக் காட்டி, “இவுகள்ல ஒருத்தரா இருக்குமோ?” என்றாள்.

“ஏ ஆத்தா, பேண்டு போட்ட வாத்திமாருக்கு இந்தக் கூவலு எங்கிட்டு வரும்? அது காட்டுல கெடந்தவன் தொண்டை” என்றார் பெரியவர். பிறகு பரிசல்காரரிடம் திரும்பினார். “ஏலே, பட்டணத்து ஆளுகளுக்கு வித்த காட்டுனியாக்கும்?”

பரிசல்காரர் என்னைப் பார்த்தார். ஒரு கணந்தான். அப்புறம் தரையைப் பார்த்து, “தப்புத்தான்” என்றார்.

பரிசலைக் கரையேற்றிச் சன்னதிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டார்கள். மீன்பிடியும் போயிற்று. நாங்கள் எரியோடு வரை நடந்துபோய்ப் பேருந்து ஏறினோம். வழியில் ஓவிய ஆசிரியர், “பாவம், நம்மளச் சந்தோசப்படுத்தணும்னு செஞ்சிருக்காரு” என்றார். நான், “ஆமாம்” என்றேன். அந்த ‘ஆமாம்’ கூவலைவிடப் பெரிய பாவம்.

அடுத்த வாரம் எங்கள் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன்; செய்த பாவத்தைச் சாமியாரிடம் வாய்விட்டுச் சொன்னேன். சாமியார் கேட்டுவிட்டு, “அந்த மனிதரிடம் சொல்லிவிட்டீர்களா?” என்றார். இல்லை என்றேன். “முதலில் அதைச் செய்யுங்கள்” என்றார். அதன் பிறகு வேறு பங்குக் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஆரம்பித்தேன். அங்கே இதைச் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மாலை, வீட்டு வாசலில் ஒரு பெண் இனிப்புப் பெட்டியோடு நின்றாள். பரிசல்காரரின் மகள். செவிலியர் வேலை கிடைத்திருந்தது. “அப்பா, மொதப் பொட்டிய சாருக்குத்தான் குடுக்கணும்னு சொன்னாரு.”

அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

“மில்லு வாட்ச்மேனு சார். பரிசலத்தான் ஊர்ல புடுங்கிட்டாங்கள்ல.” அவள் சிரிக்கத்தான் முயன்றாள். “ஒண்ணு சொல்லவா சார்? எங்கப்பாவுக்கு அந்தக் கூவலு வரவே வராது. காடு கரைன்னு எங்களுக்கு என்ன இருந்துச்சு? அவரு தண்ணியிலயே கெடந்தவரு. நான் கேட்டா, ‘பேசாம படி புள்ள’ம்பாரு.”

இனிப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் போன பிறகும் நின்றேன். மனைவி வந்து வாங்கி வைத்தாள்.

ஆடி மாதம் அந்த ஊருக்குப் போனேன். குளம் வறண்டு வெடித்துக் கிடந்தது. திட்டு எது, தரை எது என்று தெரியவில்லை. சன்னதிக்குப் பக்கத்தில் பரிசல் அப்படியே கவிழ்ந்து கிடந்தது. தார் உரிந்து, மூங்கில் விலா எலும்பாய்த் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையாதலால் ஊரில் ஆட்கள் இருந்தார்கள். பரிசல்காரரையும் அழைக்கச் சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன்.

யாரும் நம்பவில்லை. ஊர்ப் பெரியவருக்குக் கண் மங்கியிருந்தது, குரல் மங்கவில்லை. “வாத்தியாரு எரக்கப்பட்டு வந்து நிக்கிறாரு. பழிய எடுத்துக்கிட்டா அவன் வேலை திரும்பக் கெடைக்கும்னு பாக்குறாரு. நல்ல மனுசன்” என்றார்.

நல்ல மனுசன் என்ற சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. “நான்தான் கூவினேன்” என்றேன் மறுபடியும்.

“அப்ப கூவிக் காட்டுங்க பாப்பம்” என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

நான் வறண்ட குளத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அறுபது வயதுத் தொண்டை. நாக்கை உருட்டினேன். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் வந்தது. கையைக் குழித்து அடித்தேன். சத்தம் எதிர்க்கரையில் போய் மோதித் திரும்பி வந்தது. கரையில் கட்டியிருந்த ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்தன.

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். வேலி ஓரமாக நின்ற ஒருத்தி, “அடப் பாவி மனுசா” என்றாள். அது எனக்கு உரியது.

பரிசல்காரரிடம் போனேன். “அப்போதே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார். நாங் கூவல. மத்த மூணு பேரும் கயித்துக்கிட்ட நின்னாங்க. பெறகு யாரு?”

“ஏன் சொல்லவில்லை?”

அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: “எம் மக உங்க கையில இருந்தா சார்.”

ஒன்பது ஆண்டுகளாக நான் என் கோழைத்தனத்தை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கண்டு பயந்திருப்பார் என்பது ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. சேர்க்கைக்குச் சொன்ன ஒரு வார்த்தையை நான் உதவி என்று நினைத்திருந்தேன். அது அவர் கழுத்தில் கயிறாகக் கிடந்திருக்கிறது.

புதுப் பரிசல் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். ஊரே மூங்கில் வெட்டிக் கட்டிக் கொடுத்தது. எனக்கு என்ன தண்டனை என்று பெரியவரைக் கேட்டேன். அவர் பரிசல்காரரைக் காட்டி, “அவன் சொல்லட்டும்” என்றார். பரிசல்காரர் யோசித்துச் சொன்னார்: “சாரு வாத்தியாருதான. பறவை வந்துச்சுன்னா, சனிக்கிழமை கரையில வந்து நிக்கட்டும். பரிசல் ஏறுறவுகளுக்குப் பறவையப் பத்தி நாஞ் சொல்லிக்கிறேன். அவரு செஞ்சத அவரு சொல்லட்டும்.”

அடுத்த ஆண்டு மழை பெய்தது. குளம் நிறைந்தது. பறவைகள் வந்தன, முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. தையிலிருந்து பங்குனி வரை சனிக்கிழமைகளில் கரையில் நிற்கிறேன். வருகிறவர்களிடம், “இந்தத் திட்டில் ஒருமுறை கூவியவன் நான்” என்று தொடங்குவேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சிலர் கைப்பையைத் திறந்து பிள்ளைகளின் ஊதலை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு ஏறுவார்கள்.

இரண்டாம் ஆண்டு ஒரு சனிக்கிழமை, ஓர் இடம் காலியாக இருந்தது. நானும் வரலாமா என்று கேட்டேன்.

பரிசல்காரர் துடுப்பை ஊன்றித் தள்ளினார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

“நீங்க கரையிலயே நில்லுங்க சார்.”

நின்றேன்.