தோல் சீட்டுக்குச் செய்த பணிவிடை

எங்கள் காரில் தோல் சீட்டு. இந்தத் தகவலைச் சொல்லாமல் என் வீட்டுக்காரர் அந்தக் காரைப் பற்றி யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. மைலேஜ் எப்படி என்று கேட்பவருக்கும் தோல் சீட்டு என்பார், டிக்கியில் இடம் இருக்கிறதா என்று கேட்பவருக்கும் தோல் சீட்டு என்பார். சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். எந்தத் துணியையும் தொட்டே தரம் சொல்லிவிடுவார். ஆனால் அந்த கிரீம் நிறச் சீட்டைத் தொட மட்டும் வீட்டில் ஒருவருக்கும் அனுமதி இல்லை. ஷோரூமில் மாட்டிக் கொடுத்த பாலிதீன் உறையை அவர் கழற்றவே இல்லை. அதன்மேல் ஒரு தேங்காய்ப்பூத் துண்டு, அதற்கும் மேல்தான் நாங்கள். சித்திரை வெயிலில் அதில் ஒரு தடவை உட்கார்ந்து போனால் இட்லிக் கொப்பரைக்குள் இருப்பது எப்படி என்று தெரிந்துவிடும். ஏசி ஓடினாலும் முதுகுக்குக் காற்று எட்டாது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே, வாசுதேவநல்லூரில் அப்பா இருந்த காலத்திலேயே லைசென்ஸ் எடுத்துவிட்டேன். இங்கே வாக்கப்பட்டு வந்த பிறகு அந்த அட்டை ஆதார் கார்டுக்குத் துணையாகப் பர்சில் கிடந்தது. நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

போன வருஷம் வாசுதேவநல்லூர் வீட்டில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையோடு ஆகிவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு ஆசைதான். வாரத்துக்கு ஒரு நாளாவது போய் அவளைக் குளிப்பாட்டி, தலை சீவிவிட்டு வர வேண்டும். தம்பி விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவான். அவன் பெண்டாட்டி கைக்குழந்தைக்காரி, அவளும் எவ்வளவுதான் பார்ப்பாள்? பஸ்ஸில் போனால் புளியங்குடியில் இறங்கி மாற வேண்டும், ஒரு பகல் அதிலேயே போய்விடும். மதியம் கடைக்கும் மாமியாருக்கும் யார் சோறு போடுவது? காரில் போனால் காலையில் கிளம்பி உலை வைக்கிற நேரத்துக்குத் திரும்பிவிடலாம். அந்தக் காரோ போர்டிகோவில் சும்மா நிற்கிறது.

“வண்டிய நான் எடுத்துட்டுப் போயிட்டு வாரேனே” என்று கேட்டேன்.

“முன் சீட்டப் பாத்தியா? ஒன் சேலைச் சாயம் இந்தா நிக்கு. சீட்டோட அரும தெரியாதவ கையில வண்டியக் குடுக்கச் சொல்லுதியாக்கும்” என்றார்.

கறை என்னுடையதுதான். ஐப்பசியில் ஒரு மழைக்கு, நனைந்த கருநீலச் சேலையோடு, உறை கிழிந்திருந்த பக்கம் உட்கார்ந்துவிட்டேன். அதுவும் அவர் கடைச் சேலைதான், சாயம் போகாது என்று சொல்லிக் கொடுத்தது. அதை எடுத்துச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போகும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கறைக்கு வைத்தியம் நடந்தது. தோல் என்றால் எண்ணெய் குடிக்கும், செருப்பு குடிக்கவில்லையா என்று அவர் தேங்காயெண்ணெயைத் தேய்த்தார். சீட்டு குடிக்கவில்லை. பிசுக்கு மேலேயே நின்று தெருப் புழுதியை எல்லாம் இழுத்துக்கொண்டது. பிறகு என் மாமியார், அத்தை, களத்தில் இறங்கினார். எங்கள் ஊரில் தேமல், சொறி, படை என்று தோலில் எது வந்தாலும் கோயில் புற்றுமண்தான் முதல் மருந்து. “இதுவும் தோலுதானலே” என்று மகனிடம் சொல்லிவிட்டு, புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்து முன் சீட்டில் பற்றுப் போட்டார். காய்ந்ததும் தேங்காய் நாரால் உரசி எடுத்தார். கறை இருந்த இடத்தில் இருந்தது, சுற்றிலும் கீறல் விழுந்தது. புற்றுமண்ணை நான் கேலி செய்யவில்லை. என் பிள்ளைக்குப் படை வந்தபோது நானே பூசியிருக்கிறேன், கேட்டது. அந்த மாட்டுக்கு உயிரோடு இருக்கும்போது பூசியிருந்தால் அதற்கும் கேட்டிருக்கும்.

சீட்டைச் சரி செய்துவிட்டால் சாவி கைக்கு வரும் என்று நான் நம்பினேன். டேஷ்போர்டில் கவர்கூடப் பிரிக்காமல் கிடந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். மிச்சத்தை யூடியூபில் பார்த்தேன். உறையை விலக்கிச் சீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். அது உள்ளே இறங்காமல் உருண்டையாக நின்றது. அப்படி நின்றால் அது பூச்சுப் பூசிய தோல். தோலின் மேல் சாயம், சாயத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பூச்சு. நாம் தொடுவது தோலையே அல்ல, பூச்சைத்தான். எண்ணெய் உள்ளே போக வழி கிடையாது. மண்ணும் நாரும் பூச்சைக் கீறிவிடும், கீறிய இடத்தில்தான் தோல் வெடிக்கும். எல்லாவற்றையும்விடக் கெடுதல் அந்தப் பாலிதீன். வேர்வை உள்ளேயே நின்று பூசணம் பிடிக்கும். அதற்கு வேண்டியது கொஞ்சம் சோப்பு நுரை, மெல்லிய துணி, காற்று, அவ்வளவுதான்.

அவர் கடைக்குப் போனதும் காலை வேளைகளில் உறையை விலக்கித் துடைக்க ஆரம்பித்தேன். தெருப் புழுதி விழும் என்று அத்தை கார்க் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். உள்ளே பூசண வாடை, புழுக்கம். பிள்ளைகளுக்கு வாங்கும் ஷாம்புவை நுரைத்து, துணியில் நுரையை மட்டும் எடுத்து, அழுத்தாமல் துடைப்பேன். தையல் இடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ். பிறகு ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. பிசுக்கு போய்ச் சீட்டின் நிறம் மெல்ல வெளியே வந்தது. கறை முழுதாகப் போகவில்லை, தேடினால்தான் தெரியும் என்கிற அளவுக்கு மங்கியது. டிரைவர் சீட்டைக் கடைசியாகத் துடைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். எதிரே பூட்டிய கேட். குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பது இதுதான் என்று நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. ஒரு சொட்டு சீட்டில் விழுந்ததும், கறையாகுமோ என்று பதறிப்போய்த் துடைத்தேன். துடைத்த பிறகு எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அவர் பார்த்துப் பூரித்துப்போனார். சீட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். இதுதான் சமயம் என்று, “வியாழக்கிழம அம்மைய பாக்க எடுத்துட்டுப் போட்டுமா?” என்றேன்.

“இப்பத்தான் புதுசு மாதி ஆயிருக்கு. அதுக்குள்ளயா?”

“அழுக்கா இருந்தாலும் தர மாட்டீங்க, சுத்தமா இருந்தாலும் தர மாட்டீங்க. பின்ன எப்பத்தான் தருவீங்க?”

துண்டைச் சீட்டின் மேல் இழுத்து விரித்தார். பிறகு, “பொம்பளைய ஓட்டவிட்டுட்டு இவன் கடையில என்ன செய்யுதான்னு பஜார்ல கேப்பான். வேண்டாம், விடு” என்றார்.

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே மனுஷன். சீட்டுக்குப் பூச்சு இருக்கிறது என்று கண்டுபிடித்த எனக்கு, இந்தப் பேச்சுக்கும் ஒரு பூச்சு இருப்பது தெரியவில்லை.

வியாழக்கிழமை நான் யாரிடமும் கேட்கவில்லை. சோறு வடித்து வைத்துவிட்டு, போகிறேன் என்று மட்டும் அத்தையிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அம்மா படுக்கையில் இளைத்துக் கிடந்தாள். மெத்தை நனையக் கூடாதென்று கீழே ரெக்சின் விரித்திருந்தார்கள், நல்ல எண்ணத்தில்தான். அவளை மெல்ல ஒருக்களித்துச் சேலையை விலக்கினேன். முதுகு முழுக்க வேர்வையில் ஊறிச் சிவந்திருந்தது. இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. ஒவ்வொரு நாள் காலையும் நான் துடைத்திருக்க வேண்டிய தோல் இது. எந்தத் தோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன் நான்?

நர்ஸைக் கூட்டி வரச் சொல்லித் தம்பிக்குப் போன் செய்தேன். ரெக்சினை உருவிப் போட்டுப் பருத்திச் சேலையை மடித்து விரித்தேன். புண்ணைத் தொடாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, அழுத்தாமல் முதுகைத் துடைத்தேன்.

“கை பஞ்சு மாதி இருக்கு மக்கா. இப்டித் துடைக்க எங்கன படிச்ச?” என்றாள் அம்மா.

“காருலம்மா” என்றேன். அவளுக்குப் புரியவில்லை, சிரித்தாள்.

அப்போது அவர் போன் செய்தார். “ஏட்டி, பய சீட்டுல காப்பியக் கொட்டிட்டான். என்னத்தப் போட்டுத் துடைக்க?”

“துணிய நனைச்சு அழுத்தாமத் துடைங்க, போயிரும்.”

“எனக்கு அது சரியா வராது. நீ எப்ப வருவ?”

“நீங்க துடைச்சுப் பழகுங்க. நான் இங்கன அம்மைக்குத் துடைக்கேன். புண்ணு ஆறுன பொறவு வாரேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அம்மாவை மறுபக்கம் திருப்பினேன்.