பெட்டையின் ரத்தம்

நீக்ரோஸ் தீவில் சண்டைச்சேவல் வளர்க்கும் தாசியோ, கேட்டவருக்கெல்லாம் சேவலை விற்பான். பெட்டையை மட்டும் உயிரே போனாலும் தரமாட்டான். வீரம் தாய்வழியில்தான் வரும் என்பது அந்த ஊர்ச் சேவல்காரர்களின் நம்பிக்கை. களத்தில் ஒரு சேவல் பயந்து ஓடினால், அதன் தாய்ப்பெட்டை அன்றைக்கே குழம்புக்குப் போய்விடும்.

திருவிழாக் குத்துச்சண்டையில் அவன் மகன் ரோமெல் ஜெயித்தான். தாசியோவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் ரத்தம்டா" என்று தெருவெல்லாம் மார்தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான்.

மனைவி பெர்லா சோறு போட்டபடியே கேட்டாள்: "ஏன்யா, சேவல் ஜெயிச்சா பெட்டையோட ரத்தம், எம் புள்ள ஜெயிச்சா மட்டும் உன் ரத்தமா?"

தாசியோ அசடு வழிந்தான். "சரி, உன் ரத்தம்தான்."

"வேணாம்யா, உன்னோடதாவே இருக்கட்டும். நாளைக்கு அவன் தோத்தா, என்னையில்ல குழம்பு வச்சிருவ."