கூரையை இறுக்கிக் கட்டிய மழைக்காலம்

ஜோகூர்க் கடலில் கல்லைக் கொட்டி சிங்கப்பூருக்குப் பாதை போட்டார்கள் அல்லவா, அதன்மேல் ரயில் ஓடத் தொடங்கி மூன்றாவது மழைக்காலம் அது. வருஷக் கணக்கு எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடம் போனவனில்லை. அந்தப் பாதைக்குக் கல் உடைக்கப் போன எங்கள் தோட்டத்து ஆள் ஒருவன், கல் தெறித்து ஒரு கண் போய்த் திரும்பி வந்தான். அவன் வந்த பிறகுதான் இது நடந்தது. அதனால் மறக்கவில்லை.

கூலாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆற்றோரம் எங்கள் லயம். வரிசையாகப் பத்து அறை, மண் தரை, பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. எங்களுக்கு மூன்றாவது அறை. முந்திய மழைக்காலத்தில் ஒரு காற்று வந்து எங்கள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. மூத்த பையனுக்கு அப்போது இரண்டு வயது. நனைந்தான், காய்ச்சல் வந்தது, எட்டாம் நாள் அவனைப் புதைத்தோம். அந்த வருஷம் மழை பிடித்தபோது பெண் குழந்தை பிறந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. இதன்மேல் ஒரு சொட்டு விழக்கூடாது. எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மழைக்கு முன்பே ரோத்தான் வாங்கினேன். ஆற்றின் கீழ்ப்பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, ஒரு மலாய்க்காரர் காட்டுப் பிரம்பைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவார். வெற்றிலை போட்டுக்கொண்டே பேசுவார், பாதி எனக்குப் புரியாது. நான் கூரையைக் காட்டி, காற்று என்று கையை வீசிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஆற்றைக் காட்டினார். “ஆயர், ஆயர்” என்றார். தண்ணீரைச் சொல்கிறார். கையைத் தன் நெஞ்சு வரைக்கும் உயர்த்தினார். எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வருஷா வருஷம் முழங்கால் வரைக்கும் வந்து போகிறதுதான். நான் சிரித்துவிட்டேன்.

ரோத்தானை ஊறவைத்துக் கட்டினால் காயும்போது இறுகும். ஓலைமேல் பிளந்த மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, சாணுக்கு ஒரு கட்டு போட்டேன். உள்ளே பரண் கட்டி, அதில் அரிசி, உலர்ந்த துணி, பிஸ்கட் டின்னில் தீப்பெட்டி எல்லாம் ஏற்றினேன். பத்தாவது அறையில் ஒரு பெரியவர் இருந்தார். மரம் விழுந்து ஒரு கால் மடங்காது, சொந்தம் என்று யாரும் கிடையாது. அவர் கீழே நின்றுகொண்டு கேலி செய்தார்.

“ஏண்டா தம்பி, இம்புட்டு கட்டு கட்டுறியே, காத்து வந்தா கூரை அப்படியே நிக்கும், லயம்தான் பறந்து போவும் போ.”

“போவட்டும் மாமா. கூரைய புடிச்சிக்கிட்டு நாங்க இங்கனயே தொங்குறோம்.”

“அப்ப எனக்கும் ரெண்டு கட்டு சேத்துப் போடுலா. நானும் தொங்குறேன்.”

அவர் அறைக்கும் கட்டினேன். மிச்சமிருந்த ரோத்தான் முழுவதையும் போட்டேன். பரணும் கட்டிக் கொடுத்தேன்.

மழை பிடித்து நாலாம் நாள் பிற்பகல் கங்காணி வந்து எல்லாரையும் மேட்டு லயத்துக்குப் போகச் சொன்னார். எட்டு அறைக்காரர்களும் சட்டிபானையோடு போய்விட்டார்கள். நாங்கள் போகவில்லை. பதினாறு நாள் கழியாமல் பிள்ளை பெற்றவள் வாசல் தாண்டக்கூடாது, பச்சை உடம்பில் மழை படக்கூடாது. மேட்டு லயத்தில் ஒரே அறைக்குள் மூன்று குடும்பம் நெருக்கிக்கொண்டு இருக்கும், அங்கே தீட்டோடு போய் எங்கே படுப்பது? என் பரண் இருக்கிறது, கூரை இருக்கிறது. கங்காணியிடம் அப்படித்தான் சொன்னேன். பெரியவரும் போகவில்லை. “அவன் கட்டுன கூரை இருக்கு, இந்தக் காலோட எவன் மேடு ஏறுவான்?” என்றாராம்.

விடிந்தபோது தண்ணீர் கட்டில் காலைத் தொட்டது. மனைவியையும் பிள்ளையையும் பரணில் ஏற்றினேன். அவள் ஏறும்போது கட்டிலின் தலைமாட்டிலிருந்த பழைய புல்லரிவாளைக் கேட்டாள்.

“அது எதுக்கு இப்ப?”

“பச்சப்புள்ள பக்கத்துல இரும்பு இல்லாம இருக்கக்கூடாதுங்க. எடுங்க.”

“துரு புடிச்சிக் கெடக்கு, புள்ள மேல குத்திடப் போவுது.”

“நான் பாத்துக்குறேன், குடுங்க.”

சலித்துக்கொண்டே கொடுத்தேன். என் பாராங் கத்தி கதவோரம் மாட்டியிருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை.

முழங்காலோடு நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. வெற்றிலை போடுவதற்குள் இடுப்பு. கதவைத் தள்ளிப் பார்த்தேன், வெளியே மரக்கட்டையும் சேறுமாக ஆறு வாசலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. நானும் பரணில் ஏறிக்கொண்டேன். கீழே சோற்றுப் பானை மிதந்தது. தண்ணீர் பரண் மூங்கிலுக்குள் புகுந்து எங்களுக்கு அடியில் குளிர்ந்தது. அவள் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். பிள்ளையின் முதுகு ஓலையில் இடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, மேலே போக வழியில்லை. அடைத்தவன் நான்தான்.

தோளால் முட்டினேன். ஓலை நெளிந்தது, மூங்கில் அசையவில்லை. நகத்தால் பிய்த்தேன், பல்லால் கடித்தேன். ஈர ரோத்தானைக் கடித்தால் பல்தான் ஆடும். தண்ணீர் அவள் மார்புக்கு வந்தது.

“இந்தாங்க,” என்று அரிவாளை நீட்டினாள். அழவில்லை. “அறுங்க. கை ஓயுது எனக்கு.”

மொட்டை அரிவாள். ஒரு கட்டு அறுபட எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. சாணுக்கு ஒன்று போட்டிருந்தேனே. எத்தனையோ கட்டு அறுத்த பிறகு மூங்கில் விலகி வானம் தெரிந்தது. பிள்ளையை முதலில் மழையில் நீட்டினேன். எந்த மழை படக்கூடாதென்று இத்தனையும் கட்டினேனோ, அந்த மழையிலேயே. பிறகு அவளை இழுத்தேன். அவள் சேலையாலேயே இருவரையும் மூங்கிலோடு கட்டினேன்.

அப்போது கூரைக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பத்தாவது அறை. மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று.

“மாமா, இருங்க, வர்றேன்,” என்று கத்தினேன். வயிற்றால் ஊர்ந்து போனேன்.

“கட்ட அறுடா தம்பி,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “தண்ணி மோவாய்க்கு வந்துருச்சி.”

அவர் கூரைக்குத்தான் மிச்சம் முழுவதையும் போட்டிருந்தேன். ஒரு கட்டு அறுத்தேன், இரண்டு அறுத்தேன். தட்டு இரண்டாகக் குறைந்தது. மூன்றாவது கட்டில் அரிவாளின் பிடி கழன்று தண்ணீரில் விழுந்தது. அலகை வெறுங்கையில் பிடித்து அறுத்தேன். கை கிழிந்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. நாலாவது கட்டு அறுபட்டபோது தட்டு இல்லை. ஓலையை விலக்கிக் கையை விட்டுத் துழாவினேன். ஒரு தோள் அகப்பட்டது. இழுத்தேன், வந்தார், மூச்சில்லை.

மறுநாள் காலை கம்பத்திலிருந்து சம்பான் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனது. துடுப்பு போட்டவர் அந்த ரோத்தான்காரர்தான். தன் துண்டை எடுத்துப் பிள்ளைமேல் போர்த்தினார்.

பிள்ளைக்கு நாலு நாள் காய்ச்சல் இருந்தது. நாலு நாளும் நான் சோற்றைத் தொடவில்லை. பிழைத்துக்கொண்டது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவள்தான்.

மழைக்கு முன்னால் வீட்டைக் கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டும்போதே உள்ளேயிருந்து திறக்க ஓர் ஆள் நுழையும் இடம் விடுங்கள். வெட்டுகிற இரும்பு ஒன்று தரையில் இல்லாமல் மேலே இருக்கட்டும். போகச் சொன்னால் தீட்டுப் பார்க்காமல் போய்விடுங்கள். இதைப் படித்ததும் உங்கள் வீட்டில் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். நான் கட்டிக் கொடுத்தேன், சொல்லிக் கொடுக்கவில்லை.