காரணத்துக்கு இரண்டு வரி

விண்ணப்பம் வாங்குகிற வேலைக்கு வருகிறவர், சிரிப்பு வந்தால் குனிந்து முத்திரை குத்தப் பழகியிருக்க வேண்டும். என்னைப் போல யன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளுகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வாவிக்கரையில் இருக்கும் எங்கள் கிறிஸ்தவ மகளிர் கல்லூரிக்கு உயர்தரம் படிக்க வரும் பிள்ளைகளின் படிவங்கள் என் கையால்தான் உள்ளே போகும். "இக்கல்லூரியைத் தெரிவு செய்த காரணம்" என்று அதில் இரண்டு வரி இடம் உண்டு.

இந்த முறை என் மகளும் ஒரு படிவம் வாங்கிப் போனாள். நகரத்தின் இன்னொரு கல்லூரிப் படிவமும் அவளுடைய மேசையில் கிடந்தது. இரண்டில் எதை நிரப்பப் போகிறாள் என்று கேட்க எனக்குப் பயம்.

மாட்டுக்கும் மரியாதை

வவுணதீவு விவசாயி ஒருவர் விதைப்புக்கு நடுவே, வயல் வட்டையிலிருந்து நேரே வந்திருந்தார். காலில் சேறு காயவில்லை. காரணம் என்ற இடத்தில் "பக்கத்து வீட்டுப் பிள்ளை" என்று எழுதியிருந்தார். மகளுக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது என்கிறாரோ என்று நினைத்துக் கேட்டேன்.

"இல்ல மிஸ். அந்தப் புள்ள இஞ்ச ரெண்டு வருசம் படிச்சிட்டு வந்து, வழியில நிக்கிற எங்கட மாட்டையும் 'கொஞ்சம் விலகுங்க' எண்டுது. எங்கட புள்ள என்னையே 'விலகு' எண்டுது."

ஈர நெற்றி

சித்தாண்டியிலிருந்து வந்த தகப்பன் ஒருவர், சமயம் என்ற இடத்தில் "கிறிஸ்தவம்" என்று எழுதியிருந்தார். பக்கத்தில் நின்ற மகளின் நெற்றியில் பாதி அழிந்த திருநீறு, முன்மயிர் ஈரம். வாசல் குழாயில் கழுவிவிட்டுத்தான் கூட்டி வந்திருக்கிறார். வீடாக இருந்தால் கத்தியிருப்பேன். இங்கே அது வராது. சைவப் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள், காலைப் பிரார்த்தனை நேரம் அமைதியாக நின்றால் போதும் என்று பதமாகச் சொல்லி, வெட்டி எழுதக் கொடுத்தேன்.

அவர் "சைவம்" என்று எழுதும்போது மகள் வாயைத் திறந்தாள். இவள் எங்கள் பிள்ளைதான் என்று எனக்கு அந்த இடத்திலேயே பெருமையாகிவிட்டது.

"நான் அப்பவே சொன்னன் அப்பா, பொய் சொல்லிச் சேர்ந்தா இஞ்ச வந்து என்ன பிரயோசனம் எண்டு."

பிலோமினாவின் கேள்வி

பழுகாமத்துத் தாய் ஒருவருக்கு எங்கள் கல்லூரியின் பெருமையை அரைமணி நேரம் விளக்கினேன். பாடகர் குழுவில் தொடங்கி, பிள்ளைகள் தாங்களே வகுப்பறை கூட்டுவது வரை ஒன்றையும் விடவில்லை. அவர் தலையாட்டிப் போனதும், எதிர் மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பிலோமினா தலை நிமிராமலே கேட்டாள்.

"ஊர்ப் புள்ளைகள் எல்லாரையும் சேர்த்திட்டீங்க அக்கா. உங்கட மகளக் காணல்லையே."

கடைசி நாள்

படிவம் கொடுக்கும் கடைசி நாள் என் மகள் வரிசையில் நின்று வந்து, மற்றப் பிள்ளைகளைப் போலவே யன்னலுக்குள் நீட்டினாள். எங்கள் கல்லூரிப் படிவம். பெயரைக்கூடப் பார்க்காமல் அந்த இரண்டு வரிக்குத்தான் போனேன்.

"என் அம்மா வீட்டில் கத்துவார். இந்த யன்னலில் இருந்து அவர் கத்தி நான் கண்டதில்லை. அவரையே மாற்றிய கல்லூரி என்னையும் மாற்றும்."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. கண் நிறைந்துவிட்டதால் குனிந்தேன். முத்திரை கையிலேயே இருக்க, அதை மேசையெல்லாம் தேடினேன். மகள் யன்னல் கட்டையில் தட்டினாள்.

"கெதியாக் குத்துங்க மிஸ், பின்னால ஆக்கள் நிக்கிறாங்க."

வீட்டில் நான் கத்தியதெல்லாம் கல்லூரிக்கு நற்சான்றிதழாகப் போய்ச் சேரும் என்று முன்பே தெரிந்திருந்தால், இன்னும் கொஞ்சம் கத்தியிருப்பேன்.