சிவப்பு வண்டி ஏன் நின்றது?

இதை நம்பச் சொல்லி நூகு யாரையும் வற்புறுத்தியதில்லை. கேட்டால் சொல்வார். யாராவது சிரித்தால் எழுந்து போய்விடுவார். ஆனால் நடந்தது நடந்ததுதான். 2007-ஆம் வருஷம், காரைக்காலில், பட்டப்பகலில்.

காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் நூகு ஒரு கார் பட்டறை வைத்திருந்தார். ஜெனிஷ் என்ற இளைஞன் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. இரண்டு கதவு, இரண்டே இருக்கை. வெளிநாட்டு வண்டி. சென்னையில் ஒரு புரோக்கர் மூலம் பழையதாக வாங்கியிருந்தான். சாவி போடும் இடம்கூட வித்தியாசம். ஸ்டியரிங் பக்கத்தில் இல்லை. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், கியருக்குப் பின்னால் இருந்தது.

"ஓடிக்கிட்டே இருக்கும்போது பொசுக்குன்னு நின்னுடுது பாய். எப்ப நிக்கும்னே சொல்ல முடியல."

"பாத்துடலாம் தம்பி. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க."

அந்த இரண்டு நாள் ஒரு மாதமாக இழுத்தது.

பெட்ரோல் பம்பை மாற்றினார். ஃபில்டரை மாற்றினார். பிளக், காயில், ரிலே எல்லாம் புதிது. மேற்கே திருநள்ளாறு வரை ஓட்டிப் பார்த்தார்; வழுக்கிக்கொண்டு போனது. நிம்மதியாக வண்டியைக் கொடுத்தனுப்பினார். மறுநாளே போன் வந்தது.

"பீச் ரோட்டுல நின்னுடுச்சு பாய்."

சென்னையிலிருந்து சென்சார் வரவழைத்து மாட்டினார். திருநள்ளாறு போய் வந்தார். ஒரு குறையும் இல்லை. கொடுத்தார். திரும்பி வந்தது. மற்ற வண்டிகள் வேலை முடியாமல் தேங்கின. பக்கத்துப் பட்டறைக்காரர்கள், "சிவப்பு என்ன சொல்லுது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நூகுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் டயரை உதைத்து, கால் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

கடைசியில் டேஷ்போர்டைக் கழற்றினார். ஒயர்களில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. உள்ளே கை விட்டால் நைஸ் மணல். சிவப்புப் பெயின்டுக்கு அடியில் மஞ்சள் தெரிந்தது. கடல் தண்ணீர் குடித்த வண்டி! புரோக்கர் மறைத்து விற்றிருக்கிறான். நூகுவுக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். நோய் தெரிந்துவிட்டதே! ஒயர் ஒன்று விடாமல் மாற்றிக் கொடுத்தார். மறுபடி திரும்பி வந்தது.

இந்தத் தடவை ஜெனிஷ் தனியாக வரவில்லை. அவனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண் ஜெமிமாவும் வந்தாள். இருவர் முகத்திலும் ரத்தமே இல்லை.

"லாரிக்கு முன்னாடி நின்னுடுச்சு பாய். அந்த டிரைவர் பிரேக் அடிக்கலன்னா நாங்க இல்ல. உங்களால முடியலன்னா சொல்லிடுங்க. உயிரோட விளையாடாதீங்க."

ஜெமிமா தன் வலது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அடி பட்டுச்சாம்மா?"

"இல்லீங்க... வண்டி நிக்கறதுக்கு முன்னாடி இந்தக் கை மட்டும் ஜில்லுன்னு ஆயிடுச்சு. ஐஸ் தண்ணிக்குள்ள விட்ட மாதிரி. இன்னும் போகல."

ஏசியாக இருக்கும் என்றார் நூகு. அந்த வண்டியில் ஏசி வேலை செய்யவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் மதியம், தொழுகை முடித்த கையோடு, தனியாக வண்டியை எடுத்தார். கிளிஞ்சல்மேட்டுச் சாலை. நல்ல வெயில். ஓரிடத்தில் வண்டி நின்றது. திருப்பி ஊர்ப்பக்கமாக ஓட்டினார், ஓடியது. மறுபடி திருப்பினார், நின்றது. அதே சாலை. அதே வேகம். மேற்கே போனால் ஓடுகிறது. கடலைப் பார்த்துப் போனால் நிற்கிறது.

இன்னொன்றும் உறைத்தது. என்ஜின் தானாக நின்றால் டேஷ்போர்டு விளக்குகள் எரிய வேண்டும். இங்கே எல்லாம் ஒரேயடியாக அணைந்தன.

சாவியைப் பார்த்தார்.

ஆஃபில் இருந்தது.

அவர் தொடவே இல்லை.

கை பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். சாவியைத் திருப்பினார். என்ஜின் உறுமியது. இந்த முறை இடது கையைச் சாவியிலேயே வைத்து இறுகப் பிடித்துக்கொண்டார். மெதுவாக... கிழக்கே...

பக்கத்து இருக்கை 'க்ரீச்'சென்றது. யாரோ முன்னால் சாய்ந்தது போல.

அவர் திரும்பவில்லை.

வெயிலிலும் உள்ளே சில்லிட்டது. சேற்று வாடை.

அப்புறம்... அவர் கைமேல்... ஒரு கை.

ஈரமான கை. சின்ன விரல்கள். வளையல் உரசியது.

அவர் பிடித்தார்.

அது திருப்பியது.

டக்.

வண்டி நின்றது.

கதவைத் திறந்து சாலையில் விழுந்தார். எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாரோ... சைக்கிளில் வந்த ஒரு மீனவர்தான் தூக்கி உட்கார வைத்தார். பெயர் குணசேகரன், கிளிஞ்சல்மேட்டுக்காரர். தண்ணீர் கொடுத்தவர், வண்டியைச் சுற்றி வந்தார். கிட்டே போகவில்லை.

"இது முன்னாடி மஞ்சளா இருந்துச்சா பாய்?"

நூகு தலையாட்டினார். இரண்டு பேருமாகப் பின்னாலிருந்து தள்ளி, வண்டியை மேற்கே திருப்பினார்கள். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது.

வண்டியை ஜெனிஷிடம் விட்டுவிட்டு, "கடற்கரைப் பக்கம் மட்டும் போகாதீங்க தம்பி" என்று சொல்லி வந்துவிட்டார். காரணம் கேட்டான். சொல்லவில்லை. அவனும் சீக்கிரமே கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு அதை விற்றுவிட்டான்.

நூகுவால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் கிளிஞ்சல்மேட்டுக்கே போய்க் குணசேகரனைத் தேடிப் பிடித்தார். படகு ஓரமாக உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர், தலை நிமிராமலேயே சொன்னார்.

"சுனாமி அன்னிக்கு வந்த வண்டி பாய் அது. கடல் உள்வாங்கிடுச்சுன்னு கேள்விப்பட்டு வேடிக்கை பாக்க வந்தாங்க. வெளியூருப் புள்ளைங்க, ஒரு பையனும் ஒரு பொண்ணும். ஊரே மேற்கால ஓடுது, அது மட்டும் கிழக்கால போகுது. நிறுத்து நிறுத்துன்னு கையக் காட்டினேன். உள்ள அந்தப் பொண்ணும் கத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"மறுநாள் நாங்கதான் சேத்துலேர்ந்து தோண்டி எடுத்தோம். சாவி ஆஃப்ல கெடந்துச்சு. சாவி மேல அவன் கை. அவன் கை மேல அவ கை. சாவியிலேர்ந்து எடுக்க முடிஞ்சுது. அவன் கையிலேர்ந்து அவ கையப் பிரிக்கத்தான் முடியல... அப்படியே ஒரே குழியில வெச்சிட்டோம்."

குணசேகரன் வலையை மடியில் போட்டுவிட்டு நூகுவின் இடது கையையே பார்த்தார்.

காரில் என்ன நடந்தது என்று நூகு அதுவரை அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.