காயப்போட்ட மிளகும் மகனின் கறுப்புக் கோட்டும்

பல வருடம் தயங்கிய பிறகே இதை எழுதுகிறேன்.

1960களில் என் மூத்த மகன், மாத்தளையிலிருந்து கொழும்புச் சட்டக் கல்லூரிக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தான். பொய்யை மெய்யாக்கும் தொழிலாயிற்றே என்று பயந்து, நான் சம்மதம் சொல்லாமல், வழி காட்டும்படி அல்லாஹ்விடம் துஆ கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் முற்றத்தில் காயப்போட்ட மிளகைக் காணோம். வேலைக்கு வரும் மாரியைச் சுற்றி நின்று எல்லோரும் ஏசினோம். அவள் வாயைத் திறந்தபோதெல்லாம், "பேசாதடி கள்ளி!" என்றேன் நான்.

படித்துக்கொண்டிருந்த மகன் எழுந்து வந்தான். "உம்மா, கொஞ்சம் இருங்க. மாரியக்கா, நீங்க சொல்லுங்க."

"தூறல் விழுந்துச்சு தம்பி. நனைஞ்சிடுமேன்னு சாக்குல அள்ளிக் குசினியில அடுப்புப் பக்கமா வெச்சேன். இவங்க சொல்லவிட்டாத்தானே!"

சாக்கு அங்கேதான் இருந்தது. நான் மாரியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று பொழுது சாய்ந்து மஃரிப் தொழுததும், சட்டக் கல்லூரிக்கென்று மகன் தைத்து வைத்திருந்த கறுப்புக் கோட்டை நானே மடித்து, கொழும்புக்குப் போகும் பெட்டியில் வைத்தேன்.

இதை யாரிடம் சொன்னாலும் அப்படியே சொல்லுங்கள். நான் ஏசியதையும் விடாமல்.