சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்

பிள்ளையை ஹாஸ்டலில் விட்ட பிறகு எத்தனை நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்? மகளைப் புதிதாகக் கல்லூரியில் சேர்த்த தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள். இத்தனை வருஷம் கல்லூரியில் பாடம் நடத்துகிறவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பாள்.

எனக்குத் தெரியாது.

கேள்வியைக் கேட்டதும் எனக்கு வந்தது ஒரு வாசனைதான்... ஞாயிற்றுக்கிழமை காலை, ஹாஸ்டல் வராந்தா, பத்துப் பதினைந்து தூக்குச்சட்டிகள் ஒரே நேரத்தில் திறக்கிற வாசனை. புளிச்சோறு, கருவாட்டுக் குழம்பு, பஸ்ஸில் கசங்கிய மல்லிகை.

கச்சிராயபாளையத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி என் அப்பா வருவார். கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிற வாரமாக இருந்தாலும் வந்துவிடுவார். பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்.

என் அறையில் இருந்த அலமேலுவுக்கு யாரும் வரவில்லை.

அவள் கல்வராயன் மலைப் பெண். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டிய ஊர். பிளஸ் டூ வரை என்னோடு படித்தவள், என்னைவிட நன்றாகப் படித்தவள். அந்த ஊரில் இருந்து காலேஜுக்கு வந்த முதல் ஆள்.

முதல் மாதம் எல்லாம் எனக்கும் அவளுக்கும் கேலியாகத்தான் போனது.

"இன்னாடி, ஒங்க மலை பஸ்ஸு வளைவுல திரும்பறதுக்குள்ள செமஸ்டரே முடிஞ்சிடும் போல."

"எங்கப்பா நடந்தே வந்துருவாரு. ஒங்க பஸ்ஸுக்கு முன்னாடி வந்து நிப்பாரு, பாத்துக்கினே இரு."

செப்டம்பரில் அந்தப் பதில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைக்கப் போய்விடுவாள். அப்பா அவளுக்கென்று தனியாகக் கட்டி வரும் சோற்றை நான் எடுத்துப்போய்க் கொடுத்தால், பசி இல்லை என்பாள். ஒருநாள் வாளியில் துணியை முக்கிக்கொண்டே சொன்னாள்.

"என்னெ இங்கயே குடுத்துட்டாங்க போல. அவ்ளோதான்."

"போடி... அறுப்பு வேலையா இருக்கும். வருவாங்க."

"வர்றவங்க இன்னேரம் வந்திருப்பாங்க."

அக்டோபரில் வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். மலைக்காரர்களுக்குப் பிள்ளைகள்மேல் அக்கறை கம்மி என்று வராந்தாவில் பேசிக்கொண்டோம். நானும் பேசினேன்.

பரீட்சைக்கு முன்னால் ஸ்டடி லீவு விட்டார்கள். அவள் ஹாஸ்டலிலேயே இருந்துவிட்டாள். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். "வா, ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்துடலாம்."

மலையில் சாமை அறுப்பு முடிந்திருந்தது. களத்தில் இருந்த அலமேலுவின் அப்பா எங்களைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஆளு அனுப்பிட்டாங்களா?" இதுதான் அவர் முதலில் கேட்டது.

எங்களுக்குப் புரியவில்லை. அப்பா கேட்டார்: "இன்னாங்க நீங்க, அஞ்சு மாசமா பொண்ணைப் பாக்க வரவே இல்லியே?"

"அந்தம்மா சொன்னாங்களே, போய்ட்டு வாங்க, எதுனா இருந்தா சொல்லி அனுப்பறோம்னு. கூப்புடாம எப்பிடிங்க போறது? பொண்ணு குடுத்த வூட்டுக்கே அவங்க ஆளு வந்து அழைச்சாத்தான் நாங்க போவோம். அது எம்மாம் பெரிய எடம்." கீழே வைத்த முறத்தை ஓரமாக நகர்த்தினார். "ரெண்டு தபா கள்ளக்குறிச்சி வரைக்கும் வந்தேன். மனசு கேக்கல. அப்பறம் முறையில்லேன்னு திரும்பிட்டேன்."

சேர்க்கையன்று வார்டன் அம்மா எல்லாப் பெற்றோரிடமும் சொன்ன வார்த்தைதான் அது. என் அப்பாவிடமும் சொன்னார். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றார். இவர் அதை ஒரு வாக்காக எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் அவளுக்கென்று எடுத்துவைத்த சாமையும் தேனும் தனியாக இருந்தன. தேன் டப்பாவின் மூடியில் எறும்பு ஏறாமல் இருக்கச் சுற்றிய துணி பழுப்பேறியிருந்தது.

இப்போது ஹாஸ்டல்களுக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. தோழி ஒரு நாளைக்கு நான்கு முறை வீடியோ காலில் மகளின் தட்டைப் பார்க்கிறாள். எங்கள் கல்லூரியிலும் பெற்றோர் கூட்டம் நடக்கிறது. சில நாற்காலிகள் எப்போதும் காலியாகவே இருக்கும். "அக்கறை இல்ல மேடம்" என்பார்கள் பக்கத்தில் இருக்கும் ஆசிரியர்கள். நான் அந்த வீடுகளுக்குப் பெயர் போட்டு, இன்ன தேதியில் வாருங்கள் என்று கடிதம் எழுதுகிறேன். சிலர் வருகிறார்கள். பலர் வருவதில்லை. அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை... ஆனாலும் எழுதுகிறேன். அப்பா மாதிரி அடிக்கடி போ என்று தோழிக்குச் சொல்லலாம். அப்படிப் போயும் படிப்பு நடுவில் நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மலைக்குப் போய் வந்த மறுநாள் நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

நாங்கள் போனதையே அழைப்பாக எடுத்துக்கொண்டு அலமேலுவின் அப்பா முதல் பஸ்ஸிலேயே எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்துவிட்டார். வெளுத்த வேட்டி, தோளில் சாமை மூட்டை. மூன்று பேருமாகப் பதினொரு மணிக்கு ஹாஸ்டலுக்குப் போனோம். அலமேலுவைக் கூப்பிட்டு விட்டார்கள். வராந்தாவின் அந்த முனையிலேயே நின்றாள்.

"இப்பதான் வந்தியா?"

"இப்பதாம்மா கூப்ட்டாங்க."

அவள் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியையும் பாயையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் அப்பா என் அப்பாவைப் பார்த்தார். "இன்னாங்க, கூட்டிக்கினு போவத்தான் வரச் சொன்னாங்களா?"

"இல்லீங்க, அப்பிடியில்ல... இரும்மா, ஒக்காந்து பேசலாம்," என்றார் அப்பா. அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். பரீட்சை மட்டும் எழுதிவிட்டுப் போ என்று நான் சொன்னேன். என் பக்கம் திரும்பவில்லை.

வார்டன் அம்மா ரிஜிஸ்டரை விரித்து, காரணம் என்ற இடத்தில் ஒரு வரி எழுதினார். மேசையின் இந்தப் பக்கம் நின்று தலைகீழாகப் படித்தேன். 'தந்தை வந்து அழைத்துச் சென்றார்.'

அலமேலுவின் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்தார்.